சிறு தேசத்து மோட்டார்த் தொழில் – 5: கியர் மாற்ற வேண்டாத கார்

சென்ற அத்தியாயத்தில் ஸ்பைக்கர் சகோதரர்களின் சரித்திரத்தைப் பார்த்தோம். 1898-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகர மக்கள் தங்கள் இளம் அரசி வில்ஹெல்மினாவுக்குக் காணிக்கையாக அளித்த பொன் ரதத்தைச் செய்த அதே கைகள், ஐந்தே வருஷங்களில் ஆறு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கரங்களுக்கும் ஒருங்கே விசை கொடுக்கும் அமைப்பும் கொண்ட பந்தயக் காரை நிர்மாணித்துக் காட்டியதும், ஹெண்ட்ரிக் யான் ஸ்பைக்கர் 1907-இல் கப்பல் விபத்தில் மாண்டபின் அந்த ஸ்தாபனம் திவால், மறுபிறவி, மறுபடியும் திவால் என்று அல்லாடி 1920-களின் நடுவில் அஸ்தமித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு ஏறத்தாழ முப்பது வருஷ காலம், பெயர் சொல்லும்படியான சொந்தக் கார் எதுவும் நெதர்லாந்து தேசத்தில் உற்பத்தியாகவில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆலை வைத்துக் கார்களைக் கோத்துக் கொடுத்தது. ஜெர்மானிய, பிரெஞ்சு, ஆங்கிலேயக் கார்கள் எல்லை தாண்டித் தாராளமாக வந்தன. ஜனங்களோ பெரும்பாலும் சைக்கிளில் சென்றார்கள். மேடும் பள்ளமும் இல்லாத, கடலிலிருந்து மீட்டெடுத்த நிலத்தில் வாழும் ஒரு கோடிச் சொச்சம் பேருக்கு அதுவே போதும் என்றுதான் தேசத்தின் பெரிய மனிதர்கள் கருதினார்கள். அவ்வாறு கருதாத ஒருவர் பிராபாண்ட் மாகாணத்தில் இருந்தார்.

அவர் பெயர் ஹூப் வான் டோர்ன. 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, லிம்பர்க் மாகாணத்தின் வடபுறத்தில், சதுப்பு நிலத்து வறிய கிராமம் ஒன்றில், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அந்தக் கிராமத்தின் பெயர் அமெரிக்கா. ஆகையால் மோட்டார்த் தொழிலின் மேதை ஒருவர் அமெரிக்காவில் பிறந்தார் என்று எவரேனும் எழுதினால் அதைப் பொய் என்று சொல்ல இயலாது. தந்தையின் உலைக்களமே அவருடைய முதல் பள்ளி. தந்தையோ சீக்கிரமே காலமாகிவிட்டார். பெரிய சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் ஹூபுக்கு இல்லை. இரும்பைப் பார்த்தவுடன் அது எங்கே வளையும், எங்கே முறியும் என்று அறியும் கண் மட்டும் இருந்தது.

ஐந்தோவன் நகரத்தில் மதுபான வடிசாலை ஒன்றை நிர்வகித்து வந்த ஹூயங்கஸ் என்பவருடைய கார் அடிக்கடி மக்கர் செய்ய, அதைச் செப்பனிட்டுக் கொடுத்த இளைஞரின் கைத்திறனைக் கண்டு அவர் வியந்து, தொழில் தொடங்குவதற்குப் பணம் கொடுத்தார். 1928-ஆம் ஆண்டில் அந்த வடிசாலை வளாகத்துக்குள்ளேயே ஹூபின் பட்டறை தோன்றிற்று. வானொலிப் பெட்டிகளாலும் மின்விளக்குகளாலும் உலகப் பிரசித்தி பெற்றுக்கொண்டிருந்த பிலிப்ஸ் கம்பெனி அதே ஊரில் இருந்ததால், வெல்டிங் வேலைக்கும் கொல்வேலைக்கும் ஆரம்பத்தில் குறைவில்லை. பிறகு உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்து வேலை வறண்டபோது, லாரிகளின் பின்னே இழுத்துச் செல்லும் டிரெய்லர்களைச் செய்யலாம் என்று ஹூப் தீர்மானித்தார். மற்றவர்கள் ஆணியறைந்து பூட்டிய சட்டங்களை அவர் வெல்டிங் செய்து ஒட்டினார். வண்டியின் எடை குறைந்தது, ஏற்றக்கூடிய பாரம் கூடியது, வியாபாரம் பெருகியது. 1932-இல் ஸ்தாபனத்தின் பெயரே ‘வான் டோர்னவின் டிரெய்லர்த் தொழிற்சாலை’ என்று மாறியது. டச்சு மொழியில் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் ‘டாஃப்’. தம்பி விம் வான் டோர்ன வியாபாரத்தைக் கவனித்தார்; அண்ணன் யந்திரத்தைக் கவனித்தார். இப்படிப்பட்ட சகோதரப் பிரிவினை மோட்டார்த் தொழிலின் சரித்திரத்தில் பல இடங்களில் உண்டு. சண்டையில்லாமல் நிலைத்த இடங்கள் சிலவே, அவற்றுள் இது ஒன்று.

ராணுவ அதிகாரி வான் டெர் டிராப்பனுடன் சேர்ந்து, சாதாரண லாரியின் பின்பகுதியை மாற்றியமைத்துச் சேறும் மணலும் கடக்கச் செய்த ‘டிராடோ’ அமைப்பு 1930-களின் நடுவில் அவருக்குப் புகழ் தந்தது. அடுத்து ஜெர்மானியர் படையெடுத்து வந்து தேசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்ரோலும் இல்லை, உரிமையும் இல்லை என்ற அந்தக் காலத்தில் ஹூப் தமக்காக மூன்று சக்கரங்கள் கொண்ட, ஒருவர் மட்டும் அமரக்கூடிய ஒரு குட்டிக் காரைச் செய்துகொண்டார். வீட்டு வாசற்கதவின் வழியாகவே உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அது குறுகலானது. ‘ஓடும் மழைக்கோட்டு’ என்று அதற்குப் பரிகாசப் பெயர் வந்தது. பதினைந்து வருஷங்களுக்குப் பின் வந்த காருக்கு இதுவே தாத்தா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அளவில் சிறியதாகவும், ஓட்டுவதற்கு எளியதாகவும், சாமானிய மனிதனுக்கு உரியதாகவும் ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் அவருடைய மனத்தை விட்டு அகலவில்லை என்பதற்கு அது சாட்சி.

யுத்தம் முடிந்து, பாலங்களும் துறைமுகங்களும் சிதைந்து கிடந்த நாட்டை மறுபடி கட்டியெழுப்ப லாரிகள் வேண்டியிருந்தன. 1949-இல் டாஃப் லாரி உற்பத்தியில் இறங்கிற்று. ஸ்தாபனத்தின் பெயரிலிருந்த ‘டிரெய்லர்’ போய் ‘ஆட்டோமொபைல்’ வந்தது. முதலெழுத்துகள் மட்டும் மாறாமல் நின்றன. லாரியில் லாபம் வரத் தொடங்கியதும், விவேகமுள்ள வியாபாரி எவரும் அதோடு நின்றிருப்பார். வான் டோர்ன சகோதரர்கள் நிற்கவில்லை.

1958-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் ‘டாஃப் 600’ என்ற கார் மக்கள் முன்னே வைக்கப்பட்டது. காற்றினாலேயே குளிரும், 590 சி.சி. அளவுள்ள, இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், 22 குதிரைச் சக்தி, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம், நால்வர் அமரலாம். இவற்றில் எதுவும் கூட்டத்தை இழுத்திருக்காது. கூட்டத்தை இழுத்தது, அந்தக் காரில் இல்லாத இரண்டு சாமான்கள். காலடியில் கிளட்ச் மிதி இல்லை; கியர்ப்பெட்டியும் இல்லை. இருக்கைகளுக்கு நடுவே நின்ற சிறு கோலை முன்னே தள்ளினால் வண்டி முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே போகும், நடுவில் வைத்தால் நிற்கும். மற்றதெல்லாம் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டுமே. அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கார்கள் அப்போது சகஜந்தான். ஆனால் அவை செல்வந்தர்களுக்குரிய பெரிய எஞ்சின்களில், எண்ணெயைக் குடைந்து சுழலும் கனத்த யந்திரங்கள். 22 குதிரைச் சக்தியுள்ள ஏழைக் காரில் அந்த வசதியைக் கொடுத்தவர் உலகத்தில் வேறெவரும் இருக்கவில்லை.

‘வேரியோமேட்டிக்’ என்று பெயரிடப்பட்ட அந்த அமைப்பின் தத்துவத்தை விளக்குவது கடினமன்று. நம் ஊர் நெல் மில்லில் மோட்டாரின் சிறிய புல்லியிலிருந்து மெஷினின் பெரிய புல்லிக்குப் பெல்ட் ஓடுவதை யாவரும் கண்டிருப்பார்கள். சிறிய புல்லி பலமுறை சுழன்றால்தான் பெரியது ஒருமுறை சுழலும், வேகம் குறைய இழுவிசை கூடும். இனி, அந்தப் புல்லிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாமாகப் பெருக்கவும் சிறுக்கவும் வல்லவை என்று பாவனை செய்துகொண்டால் வேரியோமேட்டிக் புரிந்துவிடும். ஒவ்வொரு புல்லியும் இரண்டு கூம்பு வடிவத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால், இடையில் ஓடும் ஆப்பு வடிவ ரப்பர் பெல்ட் வெளி விளிம்பை நோக்கி ஏறும், அகன்றால் உள்ளே அச்சை நோக்கி இறங்கும். எஞ்சினின் வேகம் கூடக் கூட, சுழலும் எடைக்குண்டுகள் வெளியே விரிந்து முன் புல்லியின் தட்டுகளை நெருக்குகின்றன. பின் புல்லியின் தட்டுகள் ஸ்பிரிங்கின் பிடிக்கு எதிராக அகன்று கொடுக்கின்றன. எஞ்சின் மூச்சிழுக்கும் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தின் இழுப்பும் அந்த எடைக்குண்டுகளோடு சேர்ந்து வேலை செய்வதால், டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதையும் அமைப்பு ‘உணர்ந்து’ நடந்துகொள்கிறது. முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகளே இல்லை. மேடு வந்தால் விகிதம் தானே இறங்கும், சமதளம் வந்தால் தானே ஏறும்; அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் காரில் இருப்பவர்கள் உணர்வதுகூட இல்லை. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெல்ட் இருந்தபடியால், திருப்பத்தில் இரு சக்கரங்களுக்கும் வேகவித்தியாசம் கொடுக்கும் டிஃபரன்ஷியல்கூட அந்த முதல் காரில் தேவைப்படவில்லை. வழியில் ஒரு பெல்ட் அறுந்தாலும், மற்றொன்றின் பலத்தில் மெல்ல வீடு வந்து சேரலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்னோக்கிச் செல்வதற்குச் சுழற்சியின் திசையைத் திருப்பும் பல்சக்கரங்கள் மட்டுமே இருந்தன. பெல்ட்டுகளோ எத்திசையிலும் ஒன்றுபோல் வேலை செய்தன. ஆகையால் டாஃப் கார் முன்னே எவ்வளவு வேகத்தில் ஓடுமோ அவ்வளவு வேகத்தில் பின்னேயும் ஓடிற்று. பிற்காலத்தில், பழைய டாஃப் கார்கள் சல்லிசாகக் கிடைத்தபோது, டச்சுக்காரர்கள் ரிவர்ஸிலேயே ஓட்டும் பந்தயங்களை நடத்தி, கார்கள் ஒன்றோடொன்று மோதிக் குப்புற விழுவதைக் கண்டு களித்தார்கள். உலகத்தில் வேறெந்தக் காரையும் கொண்டு இந்தக் கேளிக்கையை நடத்த முடியாது என்பது வாஸ்தவமே. ஆனால் ஒரு மேதையின் சிருஷ்டிக்கு இதைவிடக் கௌரவமான ஞாபகார்த்தம் இருந்திருக்கலாம்.

ஏனெனில் பரிகாசம் ஆரம்ப காலத்திலிருந்தே டாஃபைத் தொடர்ந்து வந்தது. கண்காட்சியில் ஆயிரக்கணக்கானோர் முன்பதிவு செய்தார்கள்; 1959-இல் ஒழுங்கான உற்பத்தி தொடங்கி, டாஃப் 600 மட்டும் சுமார் 30 ஆயிரம் கார்கள் விற்றன; ‘டாஃபோடில்’ என்ற அடுத்த வகையும் வந்தது. ஆனால் வாங்கியவர்கள் யார்? வயது முதிர்ந்தோர், கால் ஊனமுற்றோர், நடுத்தர வயதில் முதன்முறையாகச் சாரத்தியம் கற்ற ஸ்திரீகள். கிளட்சோடு போராடாமல் ஓட்ட முடிந்ததே அவர்களுக்குப் பெரும் விடுதலை. அந்த விடுதலையே மற்றவர்களுக்கு நகைப்புக்கு இடமாயிற்று. பெண்கள் காலுறையைப் பிடித்து நிறுத்தும் நாடாவின் பெயரை அந்தப் பெல்ட்டுக்குச் சூட்டினார்கள். கிழவிகளின் வண்டி என்றார்கள். கைக்கும் காலுக்கும் வேலை கொடுத்து, ஓட்டுகிறவனை ஓயாமல் பரீட்சை செய்யும் யந்திரத்தைத்தான் ஆண்மைக்கு உரியதென்று கருதும் ஒரு விநோதமான மனப்பான்மை அக்கால ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. இன்று நம் நாட்டில் ஆட்டோமேட்டிக் காருக்கு அதிக விலை கொடுத்துக் காத்திருக்கும் வாலிபர்களைப் பார்க்கிறபோது, அறுபது வருஷங்களுக்கு முந்தைய அந்த ஏளனம் எவ்வளவு அற்பமானது என்பது விளங்குகிறது. அன்றைக்கோ அது டாஃபின் விற்பனையை உண்மையாகவே பாதித்தது.

கம்பெனியார் சும்மா இருக்கவில்லை. டூரின் நகரத்துச் சித்திரக்காரர் ஜியோவன்னி மிக்கெலாட்டியை அமர்த்தி, 1966-இல் ‘டாஃப் 44’ என்ற அழகிய வண்டியை வெளியிட்டார்கள். (சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் வடிவத்தைக் கற்பித்ததும் இதே மிக்கெலாட்டிதான், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கையின் சாயல் புலப்படலாம்.) மறு வருஷம் ரெனோவின் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ‘டாஃப் 55’ வந்தது. கிழவிகளின் வண்டி என்ற அவப்பெயரைத் துடைக்க ஃபார்முலா 3 பந்தயக் கார்களிலேயே வேரியோமேட்டிக்கைப் பூட்டி ஓட்டினார்கள். 1968-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்டு, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் கடந்து, டில்லி வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கே கப்பலேறி ஆஸ்திரேலியா சென்று, ஸிட்னியில் முடிந்த அந்த மகத்தான நெடும்பந்தயத்திலும் டாஃப் 55 கார்கள் கலந்துகொண்டன. காபூலுக்கும் பம்பாய்க்கும் இடையேயுள்ள புழுதியை ரப்பர் பெல்ட்டின் பலத்தில் கடந்து வந்த வண்டியை ‘நாடா’ என்று நகைத்தவர்கள் அப்போது என்ன சொன்னார்களோ, தெரியவில்லை.

பரிகாசத்தைவிடப் பெரிய விரோதி வேறொன்று இருந்தது. டாஃப் 600 கண்காட்சிக்கு வந்த அதே 1958-ஆம் ஆண்டில்தான் ஐரோப்பியப் பொதுச்சந்தை அமலுக்கு வந்தது. ஆறு தேசங்களுக்கு இடையேயிருந்த சுங்க வரிகள் படிப்படியாகக் குறைந்து, 1968 ஜூலை முதல் தேதியோடு அறவே ஒழிந்தன. வர்த்தகத்தினாலேயே வாழும் நெதர்லாந்துக்கு இதனால் விளைந்த நன்மைகள் கணக்கில்லாதவை. ஆனால் அந்தத் தேசத்தின் ஒரே சொந்தக் கார்த் தொழிற்சாலைக்கு, பிறந்த நாளிலிருந்தே உள்நாட்டுச் சந்தை கதவு திறந்த வீடாகிவிட்டது. ஃபியட்டுக்கு இத்தாலி முழுவதும், ரெனோவுக்கு பிரான்ஸ் முழுவதும், வோக்ஸ்வாகனுக்கு ஜெர்மனி முழுவதும் பல வருஷங்கள் சுங்கச் சுவர்களுக்குள் தனிச்சொத்தாய் இருந்து, அந்த நிழலில் அவை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்யக் கற்று விலையைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தவை. டாஃபுக்கு அப்படியொரு நிழல் ஒரு நாளும் வாய்க்கவில்லை. சிறிய தேசத்தில் சொந்தக் கார் நிலைக்காததற்குப் புத்திக்குறைவு காரணமென்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு புதிய வகையை வடிவமைத்து, அச்சுகள் செய்து, ஆலையைப் பூட்டுவதற்கு ஆகும் செலவு, விற்கும் கார் 30 ஆயிரமானாலும் 10 லட்சமானாலும் ஏறக்குறைய ஒன்றே. அதை எத்தனை காரின் தலையில் பங்கிடுவது என்பதே கேள்வி.

இந்த நிலையில் அரசாங்கம் ஒரு வரத்தோடு வந்தது. தெற்கு லிம்பர்க்கில் தலைமுறை தலைமுறையாக நிலக்கரி வெட்டி வந்த சுரங்கங்களை, 1959-இல் வடக்கே ஸ்லோக்டரனில் கண்டெடுத்த இயற்கை எரிவாயு பயனற்றவையாக்கிவிட்டது. 1965-ஆம் ஆண்டு டிசம்பரில் பொருளாதார மந்திரி யோப் டென் அய்ல், சுரங்கப் பிரதேசத்தின் நடுநாயகமான ஹேர்லன் நகரத்துக்கே சென்று, சுரங்கங்கள் மூடப்படும் என்று அறிவித்தார். வேலையிழக்கப்போகும் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு மாற்று வழி வேண்டும்; டாஃபுக்கோ இடம் வேண்டும். அரசாங்க உதவியோடு, தேசியச் சுரங்க ஸ்தாபனமே பங்குதாரராகச் சேர, போர்ன் என்ற சிற்றூரில் பிரம்மாண்டமான புதிய ஆலை எழுந்தது; 1968-இல் யூலியானா அரசியார் அதைத் திறந்து வைத்தார். பூமிக்கு அடியில் இருட்டில் கரி வெட்டியவர்கள், வெளிச்சமான கூடத்தில் நின்று கார் கோக்கப் பழகினார்கள்.

வரம் கொடுத்தவர் பத்திரத்தில் ஒரு நிபந்தனையும் எழுதாவிட்டாலும், வரமே ஒரு நிபந்தனையாக அமைந்துவிட்டது. பெரிய ஆலைக்குப் பெரிய உற்பத்தி வேண்டும். பெரிய உற்பத்திக்குப் பெரிய, நவீனமான கார் வேண்டும். அந்தக் காருக்கு வேண்டிய மூலதனம் வான் டோர்ன குடும்பத்தின் கையில் இல்லை. 1972-இல் ‘டாஃப் 66’ வந்தது, நல்ல வண்டிதான். ஆனால் அடிப்படையில் பழைய 55-இன் திருத்திய பதிப்பு. முற்றிலும் புதிதான ‘77’ வரைபடத்தில் இருந்தது, பணம் இல்லை. இச்சமயத்தில்தான், தன் பெரிய கார்களுக்குக் கீழே ஒரு சிறிய காரைத் தேடிக்கொண்டிருந்த சுவீடனின் வோல்வோ கம்பெனி வந்து முதலில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி எல்லோரையும் உலுக்கிய பிறகு, 1975-இல் நான்கில் மூன்று பங்கு வோல்வோவிடம் போயிற்று. லாரிகள் டாஃப் என்ற பெயரோடே ஐந்தோவனில் தங்கிவிட்டன. கார்கள் மட்டும் பெயரிழந்தன. டாஃப் 66, வோல்வோ 66 ஆயிற்று. வரைபடத்தில் காத்திருந்த 77, 1976-இல் ‘வோல்வோ 343’ என்று அவதாரம் எடுத்தது.

அந்த 343-இன் கதையைச் சொல்லும்போது எனக்குச் சற்று வருத்தம் உண்டாவதை மறைக்க வேண்டியதில்லை. முதலில் அது ஹூபின் பெல்ட் அமைப்போடு மட்டுமே விற்கப்பட்டது, விற்பனை மந்தம். பின்னர் சுவீடன்காரர்கள் அதில் சாதாரண கியர்ப்பெட்டியைப் பொருத்தி, கிளட்ச் மிதியையும் கொடுத்தார்கள்; விற்பனை சூடு பிடித்தது. 1991 வரையில் அந்த வரிசைக் கார்கள் 10 லட்சத்துக்கும் மேல் போர்ன் ஆலையிலிருந்து வெளியேறின. நெதர்லாந்தில் பிறந்த கார்களுள் மிகுந்த ஜயம் கண்டது, நெதர்லாந்தின் கண்டுபிடிப்பைக் கழற்றி வைத்த கார்தான்.

கண்டுபிடித்தவர் இதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ரப்பர் பெல்ட்டின் பலவீனங்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்? அது சூடேறும், தேயும், இடத்தை அடைக்கும், அதிகச் சக்தியுள்ள எஞ்சினைத் தாங்காது. ஆகவே 1972-இல், கார்த் தொழில் கைநழுவிக்கொண்டிருந்த அதே வேளையில், எழுபது வயதைக் கடந்த ஹூப் இரும்பினாலேயே பெல்ட் செய்யும் யோசனையோடு ‘வான் டோர்ன டிரான்ஸ்மிஸ்ஸி’ என்ற தனி ஸ்தாபனத்துக்கு வித்திட்டார். மெல்லிய எஃகுப் பட்டைகளில் நூற்றுக்கணக்கான எஃகுத் தகடுகளை நெருக்கமாகக் கோத்த அந்தப் பெல்ட், இழுப்பதற்குப் பதில் தள்ளுகிறது. ஒவ்வொரு தகடும் முன்னாலிருக்கும் தகட்டை உந்த, விசை கடந்து செல்கிறது. இப்படியொரு தலைகீழான யோசனை, யந்திர சாஸ்திரம் முறையாகப் படித்தவர்களுக்கு எளிதில் தோன்றியிராது என்பது என் அபிப்பிராயம். அது கார்களில் வந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1979 மே மாதத்தில் காலமானார்.

1987-இல் ஜப்பானின் சுபாரு தன் ‘ஜஸ்டி’ காரில் அந்த எஃகுப் பெல்ட்டைப் பொருத்தியது. ஃபியட்டும் ஃபோர்டும் தங்கள் சிறிய கார்களில் ஏற்றுக்கொண்டன. 1993-இல் இங்கிலாந்தின் வில்லியம்ஸ் பந்தயக் குழுவினர், அந்த ஆண்டின் சாம்பியன் காரிலேயே அதைப் பூட்டி டேவிட் கூல்ட்ஹார்டைக் கொண்டு சோதித்தார்கள். எஞ்சின் எப்போதும் தன் உச்ச சக்தியிலேயே சுழல, ஏறி இறங்காத ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டு அந்த ஃபார்முலா 1 கார் வளைவுகளைக் கடந்ததாம். அடுத்த பருவத்துக்கான விதிகளில் அத்தகைய அமைப்பு தடை செய்யப்பட்டது. கிழவிகளின் வண்டி என்று சிரித்த உலகம், இம்முறை சிரிக்காமல் தடை போட்டது. 1995-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி வான் டோர்ன டிரான்ஸ்மிஸ்ஸி ஸ்தாபனத்தை வாங்கிக்கொண்டது. டில்பர்க் நகரத்து ஆலையிலிருந்து எஃகுப் பெல்ட்டுகள் கோடிக்கணக்கில் உலகத்தின் கார்களுக்குச் சென்றன.

போர்ன் ஆலையின் சரித்திரம் அதன் பிறகும் நீள்கிறது. வோல்வோவும், ஜப்பானின் மிட்சுபிஷியும், நெதர்லாந்து அரசாங்கமும் 1991-இல் மூன்றில் ஒரு பங்கு வீதம் கூட்டுச் சேர்ந்ததும், மிட்சுபிஷி 2012-இல் ஒரே ஒரு யூரோவுக்கு அந்த மாபெரும் ஆலையை விற்றுவிட்டுப் போனதும், அதை வாங்கிய ஐந்தோவன் பிரதேசத்து முதலாளி பி.எம்.டபிள்யூவுக்காக மினி கார்களைச் செய்து கொடுத்ததும், 2024 பிப்ரவரியில் கடைசி மினி வெளியேறியதும் அடுத்த அத்தியாயத்தில்.